இருத்தல்

அம்மாவின் கைப்பையில் ஏழு அறைகள் கொண்ட பிளாஸ்டிக் மாத்திரை டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். மாத்திரைகள் அப்பாவுடையவை. காலையில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும், ராத்திரி கொலஸ்ட்ராலுக்கு. அம்மாவின் மூட்டுவலி மாத்திரை அதே பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் அட்டையோடு கிடக்கும். ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்வாள். (அப்பா ‘வந்தார்’, அம்மா ‘வந்தாள்’ என்றுதான் எனக்கு எழுத வருகிறது. முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் என் இலக்கணம் வீட்டில் பழகியபடியேதான் இருக்கிறது.)

இருவரையும் 2024 டிசம்பரில் கம்போடியாவுக்கு அழைத்துப்போனேன். செமஸ்டர் தேர்வு முடிந்திருந்தது. அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 68. அப்பாவுக்கு விமானம் புதிதில்லை. 1981 முதல் 11 வருடம் மஸ்கட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். முத்திரைகளால் நிரம்பிய இரண்டு பழைய பாஸ்போர்ட்டுகள் இன்னும் பீரோவில் இருக்கின்றன. அந்த 11 வருடமும் அம்மா கும்பகோணத்துக்குப் பக்கத்தில் மாமியார் வீட்டில் இருந்தாள். அவளுக்கு முதல் பாஸ்போர்ட் 67 வயதில் வந்தது. பெண்ணை உடன் அழைத்துக்கொண்டு கடல் கடப்பது வழக்கமில்லை என்கிறது தொல்காப்பியம். அந்த நூற்பாவை நடத்தும்போது மாணவிகள் சிரிப்பார்கள். “எங்கம்மா இன்னும் அதுலதான் மேடம் இருக்காங்க” என்று ஒருத்தி ஒருமுறை சொன்னாள். என் அம்மாவும்தான் என்று நான் அன்று சொல்லவில்லை.

எங்கே போகலாம் என்று கேட்டதற்கு அப்பா யோசிக்காமல் அங்கோர் வாட் என்றார். டிவியில் பார்த்ததிலிருந்து ஆசையாம். அம்மாவைக் கேட்டேன். “எனக்கென்ன, அவர் எங்க சொல்றாரோ அங்க.” இந்தப் பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு எங்கே போக ஆசை என்று மறுபடி கேட்டு, பதிலுக்காகக் காத்திருக்கும் பொறுமை எனக்கும் இருக்கவில்லை.

சியெம் ரீப்பில் கோயில்களுக்கான நுழைவுச்சீட்டை ஊருக்கு வெளியே தனி அலுவலகத்தில் கொடுக்கிறார்கள். கவுண்டரிலேயே நம்மைப் படம் பிடித்துச் சீட்டில் அச்சிட்டுத் தருகிறார்கள். மூன்று நாளுக்கு 62 டாலர், ஏழு நாளுக்கு 72 டாலர். “மூணு நாள் போதுமே, ஒரு நாளைக்கு மூணு கோயில் பார்த்துடலாம்” என்றார் அப்பா. நாற்பது வருடமாகத் தினமும் விடிகாலையில் நடக்கிற கால்கள் அவருடையவை. அந்த நேரத்தில் அடுப்படியில் நின்ற கால்கள் அம்மாவுடையவை. முழங்கால் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், படிகளைத் தவிர்க்கச் சொல்லியிருந்தார். நான் ஏழு நாள் சீட்டு வாங்கினேன். ஒரு நாளைக்கு ஒரு கோயில், மதியம் ஓய்வு. நாங்கள் நிதானமாக ஊர் சுற்றியதற்குக் காரணம் ரசனை இல்லை, அம்மாவின் முழங்கால்.

அந்த மதிய ஓய்வும் யாருக்கு என்று முதல் நாளே தெரிந்தது. அப்பாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பது எங்கள் வீட்டில் வேதவாக்கு. 11 வருடம் மஸ்கட்டில் என்ன சாப்பிட்டார் என்று யாரும் கேட்டதில்லை. அம்மாவின் பெட்டியில் ஒரு சின்ன எலக்ட்ரிக் குக்கர், இரண்டு கிலோ புழுங்கலரிசி, பாட்டிலில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய், அப்பளம். தன் புடவைகளை என் பெட்டியில் வைத்திருந்தாள். ஹோட்டல் குளியலறையில் அரிசி களைந்து, மேஜை விளக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குக்கரைச் சொருகினாள். அப்பா கட்டிலில் சாய்ந்துகொண்டு அன்று எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு யோக்கியதை உண்டா என்பது வேறு விஷயம். கிளம்புவதற்கு முதல்நாள் ராத்திரி பன்னிரண்டு மணிவரை கணவருக்கும் மகனுக்கும் ஒன்பது நாளுக்குக் குழம்பு வைத்து, டப்பாவுக்கு டப்பா தேதி எழுதி ஒட்டி ஃப்ரீசரில் அடுக்கிவிட்டு வந்தவள் நான்.

எங்களை அழைத்துப்போன டுக்டுக்காரருக்கு முப்பது வயது இருக்கும். அப்பாவை ‘தா’ என்றும் அம்மாவை ‘யாய்’ என்றும் கூப்பிட்டார். கெமர் மொழியில் தாத்தா, பாட்டி. நம் பழந்தமிழில் யாய் என்றால் என் தாய். வெறும் ஒலி ஒற்றுமைதான், அதைப் பிடித்துக்கொண்டு வேர் தேடிப் போகிற ஆள் நான் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவர் “யாய்” என்று கை நீட்டி அம்மாவை இறக்கிவிடும்போது எனக்கு ஏதோ செய்தது. வீட்டில் அப்பா அம்மாவைக் கூப்பிடுகிற சொல் “இங்க பாரு”.

இரண்டாம் நாள் ஒன்றைக் கவனித்தேன். அம்மா ஒரு பாட்டில் தண்ணீரை முழுதாகக் குடித்தாள். வெளியூர் கிளம்பினால் முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறவள். பேருந்து எங்கே நிற்கும், நின்ற இடத்தில் போக முடியுமா என்று தெரியாமல் அறுபது வருடம் அடக்கிப் பழகிய உடம்பு. இங்கே கோயில்களுக்குப் பக்கத்தில் சுத்தமான கழிவறை இருக்கிறது, சீட்டைக் காட்டினால் காசு கேட்பதில்லை. “இது ஒண்ணு போதும்டி” என்றாள். சிற்பம் எதையும் பார்த்து அவள் அப்படிச் சொல்லவில்லை.

தா ப்ரோம் கோயிலில் மர வேர்கள் சுவரைக் கவ்வி நிற்பதை எல்லோரும் படமெடுக்கிறார்கள். ஏழாம் ஜெயவர்மன் 1186இல் தன் தாய்க்காக அதைக் கட்டினான், தந்தைக்கான கோயில் 1191இல்தான் வந்தது என்று அம்மாவுக்குச் சொன்னேன். தாய்க்கு முதலில் கட்டியது அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். அங்கே 615 ஆடல் மகளிர் இருந்ததாகக் கல்வெட்டு கணக்குச் சொல்கிறது என்றும் சொன்னேன். அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டே கேட்டாள்: “உசுரோட இருக்கிறப்ப அவளை ஒரு நாள் உக்கார வச்சிருப்பானா?”

நான்காம் நாள் அங்கோர் வாட். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டத் தொடங்கியது. உச்சி அடுக்குக்கு ஏறும் படிகள் ஏணிபோல் செங்குத்தானவை. மூலப்படிகளின்மேல் இப்போது மரப்படி போட்டுக் கைப்பிடியும் வைத்திருக்கிறார்கள். அப்பா ஏறியே தீருவேன் என்றார். அவரைத் தனியாக விட முடியாது. அம்மா கீழே, மேற்குப் பக்கத்து மண்டபத்தில் தூண் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். “போய்ட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்.” வரிசையில் நின்று, ஏறி, நாலு பக்கமும் பார்த்து, படமெடுத்து இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

தூண் இருந்தது. அம்மா இல்லை.

அம்மாவின் போனில் அந்த ஊர் சிம் போடவில்லை. யாருக்குப் பேசப் போகிறாள் என்று நான்தான் ஒரு சிம் போதும் என்றிருந்தேன். அப்பா முதலில் சொன்னது: “மாத்திரை அவகிட்டதானே இருக்கு?” இதை எழுதுவது அவரைக் குற்றவாளியாக்க இல்லை. பயத்தில் மனிதருக்கு எது முதலில் வாயில் வரும் என்பது நம் கையில் இல்லை. அடுத்த நிமிடம் அவர் கை நடுங்கியது. சீனர்களும் பிரெஞ்சுக்காரர்களும் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்த அந்த மண்டபத்தில் நின்று “இங்க பாரு, இங்க பாரு” என்று இரண்டு தடவை கத்தினார். பிறகு அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். 46 வயதில் அன்றுதான் அப்பா வாயால் அந்தப் பெயரைக் கேட்டேன். அம்மா அதைக் கேட்கவில்லை. வெகு தூரத்தில் இருந்தாள்.

கிழக்குப் பிரகாரத்தில் கிடைத்தாள். பாற்கடல் கடைகிற நெடுஞ்சுவரின் முன்னால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி மெல்ல நடந்துகொண்டிருந்தாள். அங்கே வர தெற்குப் பிரகாரம் முழுவதையும் கடந்திருக்க வேண்டும். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு, “ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா?” என்றார்.

“யார்கிட்ட சொல்ல? நீங்க மேல இருந்தீங்க.”

குரலில் கோபம் இல்லை, நடந்ததைச் சொல்கிற குரல். பிறகு என்னைப் பார்த்து, “ராஜா ஊர்கோலம் பார்த்தேன், நரகம் பார்த்தேன், அப்புறம் இது. பாம்பை இழுக்கிறாங்கல்ல, அசுரர் பக்கம் தொண்ணூத்திரண்டு பேரு, தேவர் பக்கம் எண்பத்தெட்டு. ரெண்டு தரம் எண்ணினேன்” என்றாள். அறைக்குப் போனதும் கையேட்டில் பார்த்தேன். கணக்குச் சரியாக இருந்தது.

அன்றைக்கு மதியம் அவள் குக்கரை எடுக்கவில்லை. மறுநாள் காலை மாத்திரை டப்பாவை அப்பாவின் தலைமாட்டில் வைத்துவிட்டு, “நானும் இவளும் போய்ட்டு வர்றோம். உங்களுக்கு நேத்து ஏறினது கால் வலிக்கும்” என்றாள். வலிப்பதாக அவர் சொல்லியிருக்கவில்லை. (அன்று கீழே இறங்கிப் போய் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டிருக்கிறார். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.)

நாங்கள் பயோனுக்குப் போனோம். புன்னகைக்கும் பெரிய கல்முகங்கள் மேலே இருக்கின்றன, அம்மா அவற்றை ஒருமுறை அண்ணாந்து பார்த்ததோடு சரி. வெளிச்சுற்றுச் சுவரில் சாதாரண ஜனங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். படி அதிகம் ஏறாமல் பார்க்கலாம். சந்தை, மீன், சேவல் சண்டை, பேன் பார்க்கிறவர்கள். அம்மா நாகப்பட்டினத்தில் பிறந்தவள், கடற்கரையில் மீன் கூறு போடுவதைப் பார்த்து வளர்ந்தவள். சந்தையில் உட்கார்ந்திருக்கும் பெண்களைக் காட்டி, இவள் விலை சொல்கிறாள், இவள் படியமாட்டேன் என்கிறாள் என்று எனக்குப் படித்துக் காட்டினாள். 1296இல் அங்கு வந்த சீனத் தூதுக்குழுவைச் சேர்ந்த சோ தாகுவான் என்பவர், இந்த நாட்டில் வியாபாரம் பெண்கள் கையில் இருக்கிறது என்று எழுதிவைத்திருக்கிறார். அதைச் சொன்னேன். “எழுதி வேற வைக்கணுமா, இதோ தெரியுதே” என்றாள்.

தெற்குச் சுவரில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் நடக்கிறது. அம்மா அங்கே நின்றுவிட்டாள். நான் பிறந்த கதையைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அந்தக் கதை எனக்கு மனப்பாடம்.

“உனக்கும் தம்பிக்கும் நடுவுல ஒண்ணு தங்கலை” என்றாள். “உங்கப்பா லீவுக்கு வந்துட்டுப் போனப்புறம். மூணு மாசம்.”

1983. எனக்கு அப்போது ஐந்து வயது. எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று மஸ்கட்டுக்குக் கடிதம் எழுதி மடித்து வைத்திருந்தாளாம். தபாலில் சேர்க்கும் முன்பே கலைந்துவிட்டது. மாமியார் இரண்டு நாள் படுக்கவிட்டாராம். மூன்றாம் நாள் நெல் அவிக்கிற வேலை. கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு, எல்லோரும் சௌக்கியம் என்று வேறொன்று எழுதி அனுப்பியிருக்கிறாள்.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“அங்க தனியா கிடக்கிற மனுஷனுக்கு எதுக்குன்னு எழுதலை. வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். வந்தாரு, சொல்ல வரலை.” சுவரைத் தொடப் போனவள் தொடக்கூடாது என்பது நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டாள்.

பதினெட்டு வருடமாக நான் முல்லை நடத்துகிறேன். பொருள் தேடிப் போனவன் வரும்வரை ஆற்றியிருப்பது, உரிப்பொருள் இருத்தல், கார்காலம், மாலைப்பொழுது. தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. இருக்கிற இடத்தில் அவளுக்கு என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று ஒரு மாணவியும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. பயோனிலிருந்து நடக்கிற தூரத்தில் பிமீயானகாஸ் கோயில் இருக்கிறது. அங்கே கிடைத்த சமஸ்கிருதக் கல்வெட்டை எழுதியவள் ஏழாம் ஜெயவர்மனின் அரசி இந்திராதேவி. சம்பா நாட்டுக்குப் போன கணவனுக்காக உருகி நோன்பிருந்த தன் தங்கை ஜெயராஜதேவியைப் பற்றி அதில் எழுதியிருக்கிறாள். தங்கை இறந்த பிறகு அதே அரசனுக்கு மனைவியானவள். ஒரு கவிஞர் என்ற பெருமையில் அவளைத் தேடித்தான் அந்த ஊருக்கு ஆயத்தமாகிப் போயிருந்தேன், குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அன்று பிமீயானகாஸுக்குப் போகவில்லை. தங்கை சொன்னதில் எதை எழுதினாள், எதைக் கணவனும் படிப்பானே என்று விட்டாள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். இருவரும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து இளநீர் குடித்தோம். அம்மா இரண்டு குடித்தாள்.

ஊருக்கு வந்தபின் குக்கர் பழைய இடத்துக்குப் போனது. மாத்திரை டப்பாவும் அம்மாவின் பைக்குத் திரும்பிவிட்டது. அம்மாவின் சீட்டில் ஆறு நாள்களுக்குத்தான் துளை போட்டிருக்கிறார்கள், ஒரு நாள் மீதி. அவள் படம் போட்ட அந்த அட்டை அவளுடைய பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறது, அப்பாவின் இரண்டு பாஸ்போர்ட்டுகளுக்கு மேலே.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கும் முன் போனில் கேட்டேன். பயோனில் சொன்னதையும் எழுதட்டுமா, புத்தகமாக வரும், நாலு பேர் படிப்பார்கள் என்றேன். பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

“எழுது” என்றாள். “நீ எழுதறதை அவர் எங்க படிக்கிறாரு.”