பூவும் அது நிற்கும் இடமும்

காமிரா லென்ஸுக்கு பிரெஞ்சு மொழியில் 'ஒப்ஜெக்திஃப்' என்று பெயர். நோக்கம், குறிக்கோள் என்றும் அதே சொல்லுக்குப் பொருள் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அங்கேயே அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிறகு மனைவியின் ஊரான பண்ணைப்புரத்துக்குக் குடிவந்தேன். இந்த ஊர்ப் பூக்களைப் படம் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தச் சொல்லின் இரண்டாவது பொருள் எனக்கு விளங்கியது.

என்னிடம் இருப்பது 'ஆன்ஜெனியோ' என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் 35 மி.மீ. லென்ஸ். என் சித்தப்பா பிரெஞ்சுப் படையில் 'சொல்தா'வாக இருந்தவர். பென்ஷனோடு ஊர் திரும்பியபோது கொண்டுவந்த பெட்டியில் ஒரு காமிராவும் இதுவும் இருந்தன. காமிரா துருப்பிடித்துப் போய்விட்டது. லென்ஸ் மட்டும் தப்பியது. இப்போது அதைப் பேரனின் புதுக் காமிராவில் ஒரு வளையம் வைத்துப் பொருத்தியிருக்கிறேன்.

பியேர் ஆன்ஜெனியோ 1935-இல் தொடங்கிய கம்பெனி இது. 1950-இல் 'ரெட்ரோஃபோகஸ்' என்ற பெயரில் இந்த 35 மி.மீ. லென்ஸை வெளியிட்டார்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அப்போது வந்துகொண்டிருந்த ரிஃப்ளெக்ஸ் காமிராக்களில் ஃபிலிமுக்கு முன்னால் ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆடும். அதற்கு சுமார் 45 மி.மீ. இடம் வேண்டும். சாதாரண அமைப்பில் செய்த 35 மி.மீ. லென்ஸ் ஃபிலிமை ஒட்டி உட்காரும், கண்ணாடி அதில் இடிக்கும். லென்ஸின் முன்பக்கம் ஒளியை விரிக்கும் குழிவான பெரிய கண்ணாடியை வைத்து, லென்ஸைத் தள்ளி உட்கார வைத்தார் ஆன்ஜெனியோ. 1964 ஜூலை 31-இல் ரேஞ்சர் 7 விண்கலம் நிலாவை நெருங்கிப் படம் அனுப்பியபோது, அதிலும் இந்தக் கம்பெனியின் லென்ஸ் இருந்தது.

பழைய கருவி எதற்கு என்று கேட்பவர்களுக்கு மா. கிருஷ்ணனைச் சொல்வேன். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், காட்டுயிர்ப் படங்களுக்குப் பேர்போனவர். பல காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தனக்கென்று ஒன்றை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பார்.

சின்ன வயதில் எங்கள் பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில் 'பிரந்தாம்' என்றால் வசந்தம், மார்ச் 21 வாக்கில் வரும், செர்ரி மரம் இலை விடுமுன் பூக்கும் என்று இருக்கும். செர்ரி மரத்தைக் கண்ணால் கண்டதில்லை, மனப்பாடம் செய்ததோடு சரி. நம் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் மரங்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. தையிலேயே போடிப் பக்கம் இலவ மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு, வெறுங்கொம்பில் பூவோடு நிற்கும். மாந்தோப்புக்குள் நுழைந்தால் பூ வாசம் தலையைக் கிறுகிறுக்க வைக்கும். பங்குனியில் வேம்பு. அதன்பின் புங்கம்பூ பொரி சிதறியதுபோல் தரையெல்லாம் கிடக்கும். விஷுக்கனிக்கு மலைக்கு அந்தப் பக்கத்தார் தேடும் சரக்கொன்றை இங்கேயும் மஞ்சளாய்த் தொங்கும். பாடப் புத்தகத்தில் படித்த வசந்தத்தை இலவ மரத்தடியில்தான் நேரில் பார்த்தேன்.

முதலில் எல்லோரையும் போலப் பூவை மட்டும் பெரிதாக எடுக்கத்தான் ஆசைப்பட்டேன். இந்த லென்ஸ் அதற்கு ஒத்துவராது. மிக நெருங்கிப் போனால் தெளிவு விழாது. தள்ளி நின்றால் பூவோடு கிளை, கிளையோடு மரம், வரப்பு, மோட்டார் ரூம், மேற்கே மலை என்று எல்லாம் உள்ளே வந்துவிடும். பேரன் வேறொரு லென்ஸ் கொடுத்தான். அதில் வேப்பம்பூ ஒவ்வொன்றும் முத்துப்போல் விழுந்தது. பெருமையோடு மனைவியிடம் காட்டினேன்.

"பூ நல்லாத்தாங்க இருக்கு. ஆனா இது எந்த மரம்? எங்கன நிக்குது?" என்றாள்.

கோப்பு எண் இல்லாமல் வந்த கடிதம்போல் இருந்திருக்கிறது அவளுக்கு அந்தப் படம். அவளுக்கு முழங்கால் மடங்குவதில்லை. தெருவைத் தாண்டி மூன்று வருடமாகிறது. பிறந்து வளர்ந்த ஊரின் காடுகரையை இப்போது என் படங்களில்தான் பார்க்கிறாள். பழைய லென்ஸில் எடுத்ததைக் காட்டினால் கேள்வியே கிடையாது. மலை மடிப்பையும் கிணற்றுத் திட்டையும் வைத்து, இன்னார் தோட்டம் என்று அவளே சொல்லிவிடுவாள். அதன்பின் அந்த வீட்டுக் கதை அரைமணி நேரம் ஓடும்.

ஓடைக்கரையில் ஒரு புங்க மரம் நின்றது. போன வருடம் பாதையை அகலப்படுத்தியபோது அது போய்விட்டது. அதற்கு முந்தைய சித்திரையில், மரம் பூத்திருந்த சமயம், பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று ஒரே ஒரு படம் எடுத்திருந்தேன். பூவெல்லாம் வெறும் வெள்ளைப் புள்ளிகள். பக்கத்தில் ஓடை, ஒரு கல், பின்னால் மலை. மரம் போன செய்தி கேட்ட அன்று அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பூவை அவள் கவனிக்கவே இல்லை. விரலை அந்தக் கல்லின்மேல் வைத்தாள்.

"இந்தக் கல்லுலதான் அப்பா கஞ்சித் தூக்க வைப்பாரு. நானும் அக்காவும் வெயில் தாழ்ற வரைக்கும் நெழல்ல உக்காந்திருப்போம்."

வீட்டில் மாமனாருக்குப் புகைப்படமே கிடையாது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள், "பூவே சரியாத் தெரியலையே" என்பார்கள். அவள் பதில் சொல்வதில்லை.

எடுக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டொரு விஷயம். நம் ஊரில் மலை மேற்கே. காலையில் சூரியனை முதுகுக்கு வைத்து நின்றால் மரமும் மலையும் சேர்ந்து தெளிவாக விழும். மாலையில் எதிர்வெயில். பழைய லென்ஸில் வெளிறிப் போய்விடும். அகலக் கோணத்தில் மலை சிறுத்துத் தெரியும், அதற்காக ஏமாற வேண்டாம். வைகாசி முடிந்து மேல்காற்று எடுத்துவிட்டால் கிளை நிற்காது. சென்சார் சிறிதாக உள்ள காமிராவில் 35 மி.மீ. லென்ஸ் சாதாரண 50 மி.மீ. போலத்தான் பார்க்கும். வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எழுத்தர் வேலைப் பழக்கம் என்னை விடவில்லை. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் மாதம், இடம், யார் தோட்டம், எந்த மரம் என்று எழுதி வைக்கிறேன். இதற்குப் பழைய லென்ஸ்தான் வேண்டும் என்பதில்லை. உங்கள் செல்போன் காமிரா என் ஆன்ஜெனியோவைவிட அகலமாகவே பார்க்கும். வருகிற பங்குனியில் உங்கள் தெரு வேம்பு பூக்கும்போது, பத்தடி பின்னால் போய், வீட்டுத் திண்ணையும் விழும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள்.