மங்கிய பெயிண்டை நம்பலாம்

பழைய அம்பாசடரோ பத்மினியோ தெருவோரம் நின்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. கூரையைத் தடவிப் பார்த்தாக வேண்டும். "ஏங்க, திருட வந்த ஆளுன்னு நினைக்கப் போறாங்க" என்று மனைவி திட்டியும் பழக்கம் விடவில்லை.

தடவிய விரலில் சுண்ணாம்பு மாதிரி பொடி ஒட்டினால் எனக்குச் சந்தோஷம். வெயில் பெயிண்டிலுள்ள பிசினைச் சிதைக்க, பிடிமானம் போன நிறமி மேலே கிளம்புகிறது. அந்தக் காலத்து ஒற்றைப் பூச்சு அப்படித்தான் வயதாகும். வெயில் நேராக விழும் கூரையும் பானெட்டும் முதலில் வெளுக்கும். மேலே கிளியர் கோட் அடித்த பெயிண்டோ ஏடு ஏடாக உரியும். அறுபதுகளின் வண்டி உரிகிறது என்றால், பின்னாளில் யாரோ மறுபடி அடித்திருக்கிறார்கள்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் புதுப்பேட்டையில் ஒரு பெயிண்டர். "பளபளப்பைப் பார்க்காதீங்க சார், கதவைத் திறந்து கீல் பக்கம் பாருங்க" என்பார். டிக்கிக்குள்ளும் ரப்பர் பீடிங்குக்கு அடியிலும் ஆலை நிறம் ஒளிந்திருக்கும். பீடிங் மேலேயே பெயிண்ட் தெறித்திருந்தால் அவசர வேலை. காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி வைத்துப் பார்ப்பார்; ஒட்டாத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது என்று அர்த்தம்.

மங்கலை மன்னிக்கலாம், கொப்புளத்தை மன்னிக்கக் கூடாது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டை அடைத்துக்கொண்டால் துரு உள்ளிருந்து வருகிறது. கடற்கரை ஊர் வண்டியில் இன்னும் வேகமாக. அதற்கு எந்த பாலிஷும் மருந்தில்லை.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் வேறு. தனி சேஸிஸ்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டிய வண்டி அது. ஒரு கதவு மட்டும் வேறு சாயலில் இருந்தால் அடிபட்டது என்று உடனே முடிவு கட்டிவிட மாட்டேன். இன்னொரு ஹெரால்டிலிருந்து கழற்றி மாட்டியதாகவும் இருக்கலாம்.

புதுப் பெயிண்டில் மின்னும் பழைய வண்டியைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நியாயமில்லாத கோபம்தான். தகரமே அரித்துப் போனவர் அடிக்காமல் என்ன செய்வார்? ஆனால் நல்ல பெயிண்டைச் சுரண்டி எறிகிறவர்களை என்னால் பொறுக்க முடிவதில்லை. அம்பாசடர் 2014-இல் நின்றுவிட்டது; ஆலையில் அடித்த பெயிண்ட் இனி எங்கே கிடைக்கும்?

அப்பாவின் வண்டி உங்கள் வீட்டில் வெளுத்துப் போய் நின்றால், பெயிண்டரைக் கூப்பிடும் முன் ஓர் ஓரத்தில் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் இறங்கும், பயப்படாதீர்கள். விளிம்புகளில் மட்டும் கை லேசாக இருக்கட்டும். அங்கே பெயிண்ட் மெல்லியது.