நனைந்த வண்டியின் விலை

வெள்ளம் வடிந்த பிறகுதான் இழப்பின் அளவு கண்ணுக்குத் தெரிகிறது. 2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாள்களில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த மழையில், கல்மண்டபத்தில் நாங்கள் குடியிருக்கும் சந்தும் நீரில் மூழ்கியது. வாசலோரம் நின்ற எங்கள் காரில் இருக்கைகளுக்கு மேல்வரை நீர் ஏறிற்று. துறைமுகத்தில் எழுத்தராய் இருந்து ஓய்வு பெற்ற அப்பா, தம் சேமிப்பைக் கொண்டு 2016இல் வாங்கித் தந்த வண்டி அது. வாரம் இருமுறை அவரை இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் சென்று வந்ததும் அதுவே.

நீர் வடிந்த காலையில், பதற்றத்தில் எங்கள் மகன் சாவியைத் திருப்பிவிட்டான். எஞ்சின் ஒருமுறை முனகி அடங்கியது. நீர் புகுந்த எஞ்சினை இயக்கினால் உள்ளுறுப்புகள் வளைந்து உடையக்கூடும் என்பதும், எஞ்சினுக்கெனத் தனிப் பாதுகாப்பு சேர்க்காத காப்பீட்டில் அந்தச் சேதத்தை நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதும் பிறகே எங்களுக்குத் தெரிந்தன.

"அண்ணே, சாவி போட்டதை மட்டும் எழுதிடாதீங்க. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் மெக்கானிக். எங்கள் நன்மையை எண்ணியே அவர் அப்படிச் சொன்னார். அன்றிரவு வீட்டில் நெடுநேரம் பேசினோம். "நியாயமான விலை கேக்கப் போறோம். முதல் வரியிலேயே பொய் எழுதலாமா?" என்று அப்பா கேட்டதோடு பேச்சு முடிந்தது. படிவத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதினோம்.

பார்வையிட வந்த சர்வேயர் எஞ்சின் செலவைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிட்டார். ஆயினும் மின்கம்பிகள், மின்னணுக் கருவிகள், இருக்கைகள் ஆகியவற்றைச் சீர்செய்யும் செலவு மட்டுமே காப்பீட்டு ஆவணத்தில் குறித்த மதிப்பின் 75 விழுக்காட்டைத் தாண்டியது. அவ்வாறு தாண்டினால் வண்டி 'முழு நட்டம்' எனக் கொள்ளப்படும். பழுதுபார்ப்புக்கு இடமில்லை, ஆவணத்தில் குறித்த மதிப்பே இழப்பீட்டுக்கு அடிப்படை.

எங்கள் ஆவணத்தில் அந்த மதிப்பு 2,40,000 ரூபாய். நிறுவனம் தர முன்வந்ததோ 1,75,000 ரூபாய். பழைய கார் சந்தையில் இத்தகைய வண்டி அவ்வளவுதான் போகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். கூடவே ஒரு ரசீதும் வந்தது. தொகையை முழு மனநிறைவுடன் பெற்றுக்கொண்டதாக அதில் ஒப்பமிட வேண்டும்.

ஒப்பமிட்டுவிடலாமா என்று தோன்றாமல் இல்லை. கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. வீடெங்கும் ஈர வாடை போகவில்லை. அப்பாவின் மருத்துவமனைப் பயணத்துக்கு ஆட்டோக் கட்டணம் வாரந்தோறும் கரைந்துகொண்டிருந்தது. இழப்பில் இருப்பவனுக்குக் கையில் கிடைக்கும் சிறு தொகையும் பெரிதாகத் தெரியும். ஆனாலும் ஆவணத்தை எடுத்து ஒருமுறை முழுமையாகப் படித்தோம்.

வண்டியின் வயது ஐந்தாண்டு ஆகும்வரை அதன் மதிப்பைத் தேய்மான அட்டவணை குறிக்கிறது. ஓராண்டு தாண்டிய வண்டிக்கு 20 விழுக்காடு, நான்காண்டு தாண்டியதற்கு 50 விழுக்காடு என்று கழித்துக்கொண்டே போவார்கள். ஐந்தாண்டுக்குப் பிறகு, நிறுவனமும் உரிமையாளரும் ஒப்புக்கொள்ளும் தொகையே மதிப்பு. எங்கள் வண்டிக்கு வயது ஏழு. ஆகஸ்டில் காப்பீட்டைப் புதுப்பித்தபோது 2,40,000 என்று ஒப்புக்கொண்டு, அதற்குரிய பிரீமியத்தை வாங்கிக்கொண்டவர்கள் அவர்களே. நான்கே மாதங்களில் அந்த ஒப்புதல் எங்ஙனம் மாறும்?

இதே கேள்வி உச்ச நீதிமன்றம்வரை சென்றிருக்கிறது. தர்மேந்திர கோயல் என்பவர் 3,54,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்த வண்டி சில மாதங்களிலேயே விபத்தில் சிதைந்தது. நிறுவனம் மதிப்பைக் குறைத்துக் காட்டியது. தானே ஏற்றுப் பிரீமியம் பெற்ற மதிப்பைப் பின்னர் நிறுவனம் மறுதலிக்க இயலாது என 2008இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினோம். ஆவணத்தின் பிரிவையும் அந்தத் தீர்ப்பையும் குறித்தோம். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டோம். ஒரு மாதத்துள் தக்க பதில் வராவிடில் 'ஆம்பட்ஸ்மன்' எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை நாடுவோம் என்று முடித்தோம். அங்கே கட்டணமும் இல்லை, வழக்குரைஞரும் தேவையில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. ஒப்பமிடாத ரசீதையும் கடிதத்துடன் திருப்பி அனுப்பினோம்.

27ஆம் நாள் பதில் வந்தது. ஆவணத்தில் குறித்த மதிப்பில், உரிமையாளர் ஏற்க வேண்டிய 1,000 ரூபாய் போக, 2,39,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அறிக்கையின் நகலும் கூடவே இருந்தது. அதைப் புரட்டியபோது ஒரு வரியில் கண் நின்றது. 'எஞ்சினை இயக்க முயன்றதை உரிமையாளரே தெரிவித்துள்ளார். ஏனைய விவரங்களும் நேரில் கண்டவற்றோடு ஒத்துள்ளன' என்று சர்வேயர் எழுதியிருந்தார். மறைக்கச் சொன்ன ஒன்றை மறைக்காததால், எங்கள் சொல்லில் ஐயுற அவருக்கு ஏதும் இல்லாமற்போயிற்று.

காசிமேட்டில் மீன் வாங்குகையில் தராசின் முள்ளை விட்டு நாம் கண்ணை எடுப்பதில்லை. அது தவறன்று, ஏமாறாதிருப்பது குடும்பத்துக்குச் செய்யும் கடமை. நம் விரல் தட்டில் படாமல் இருக்கிறதா என்பதையும் அதே கவனத்தோடு பார்த்தால், உரிமையைக் கேட்கும்போது குரல் நடுங்காது.

வண்டியை இழுத்துச் செல்ல லாரி வந்த அன்று, அப்பா வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். அது சந்து முனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, "சரி, உள்ளே போகலாம்" என்றார்.