காத்திருப்பதற்கும் மின்சாரம் வேண்டும்

ஜனவரி 9, ஊட்டி, இரவு

நாளைக் காலை தொட்டபெட்டா சாலையோரச் சோலைக்குப் போகிறோம். கறுப்பும் ஆரஞ்சுமான அந்தச் சின்ன ஈப்பிடிப்பானும் நீலகிரிச் சிரிப்பானும் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவைகள். பேட்டரி தீர்ந்து அவற்றைத் தவறவிடக் கூடாது.

என்னிடம் இருப்பது சோனி ஏ7 III. அதன் பேட்டரி 2,280 எம்.ஏ.எச். ஒரு சார்ஜில் வியூஃபைண்டர் வழியாக 610 படம், பின்திரையைப் பார்த்து எடுத்தால் 710 படம் என்பது நிறுவனம் தரும் கணக்கு. ஜப்பானியக் கேமராத் தயாரிப்பாளர்களின் சங்கமான சிபா வகுத்த சோதனை முறையில் கிடைக்கும் எண் இது. அறை வெப்பத்தில், 30 நொடிக்கு ஒரு படம், நடுநடுவே கேமராவை அணைத்துப் போடுவார்கள். புதருக்கு எதிரே ஒரு மணி நேரம் நின்று, குருவி வந்த நொடியில் சரமாரியாகச் சுடுகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஜனவரி 10, தொட்டபெட்டா

காலை முழுக்கப் பேட்டரியின் சதவீதத்தைக் கவனித்தபடி இருந்தேன். ஈப்பிடிப்பான் தாழ்ந்த கிளையில் வந்து உட்கார்ந்தபோது விடாமல் எடுத்தேன். எண் அசையவே இல்லை. அது வருவதற்கு முன் வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக் காத்திருந்த நேரத்தில்தான் மளமளவென்று இறங்கியது.

காரணம் எளிது. நிக்கான் டி500 போன்ற பழைய பாணிக் கேமராவில் கண்ணாடி ஒளியைத் திருப்பி அப்படியே கண்ணுக்கு அனுப்பிவிடும். அந்த வேலைக்கு மின்சாரம் தேவையில்லை. அதனால்தான் அதே சிபா முறையில் அதற்கு 1,240 படம். மிரர்லெஸ் கேமராவில் நாம் பார்ப்பது ஒரு குட்டித் திரையை. பார்க்கும் நேரமெல்லாம் சென்சார், பிராசசர், திரை மூன்றும் உழைக்கின்றன.

இன்னொன்றையும் பார்த்தேன். வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சார், கண் நெருங்கினால் குட்டித் திரையை எரியவிடும். கேமராவைக் கழுத்தில் மாட்டி நடக்கும்போது ஸ்வெட்டர் அதை மறைத்தாலும் கண் என்றே எடுத்துக்கொள்கிறது. நெஞ்சின் மேல் யாரும் பார்க்காத திரை எரிந்துகொண்டே வருகிறது. நடக்கும்போது சுவிட்சை அணைத்துவிடுவதே இதற்கு வழி.

மாலையில் அறைக்கு வந்து செட்டிங்கை மாற்றினேன். ஏரோபிளேன் மோடு போட்டதில் வைஃபையும் புளூடூத்தும் அடங்கின. கேமரா தானாக உறங்கும் நேரத்தை ஒரு நிமிடமாகக் குறைத்தேன். ஷட்டரைத் தொடாதபோதும் ஃபோகஸ் தேடும் ‘ப்ரீ ஏஎஃப்’ வசதியையும், எடுத்த படத்தை உடனே திரையில் காட்டும் வசதியையும் நிறுத்தினேன். இவற்றால் படத்தின் தரம் இம்மியும் குறையாது.

ஜனவரி 11, தலைகுந்தா

விடியும்போது புல்வெளி முழுக்க உறைபனி. உடன் வந்த தம்பி பேட்டரியைப் பையின் வெளி அறையில் வைத்திருந்தான். கேமராவில் போட்டதும் சிவப்புக் குறி. “அண்ணா, ராத்திரிதான் ஃபுல் சார்ஜ் போட்டேன், செத்துப்போச்சு” என்றான். “சாகல தம்பி, விறைச்சிருக்கு. எடுத்து உள்சட்டைப் பையில வை” என்றேன். அரை மணி கழித்துப் போட்டபோது ஏறக்குறைய முழு அளவைக் காட்டியது.

குளிரில் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் தடித்து, லித்தியம் அயனிகள் மெதுவாக நகர்கின்றன. உள்தடை கூடி மின்னழுத்தம் சரிகிறது. கேமரா அதைச் சார்ஜ் தீர்ந்ததாகக் கொள்கிறது. உள்ளே சக்தி இருக்கவே செய்கிறது. உதிரிப் பேட்டரியை உடம்புச் சூட்டில் வைத்து, முறை மாற்றிப் போட்டால் போதும். உறைநிலைக் குளிரில் சார்ஜ் மட்டும் ஏற்றக் கூடாது. லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரியை நிரந்தரமாகக் கெடுக்கும்.

ஜனவரி 13, கோயம்புத்தூர்

பொங்கலுக்குப் பிறகு ஒரு மாதம் கேமராவுக்கு வேலை இல்லை. பேட்டரிகளைப் பாதி சார்ஜில், வெயில் படாத அலமாரியில் வைத்தேன். முழு சார்ஜும் வெப்பமும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் மூப்படையும். சுத்தமாகத் தீர்த்து வைத்தாலும் ஆபத்துதான். ‘முழுசாத் தீர்த்துட்டுத்தான் சார்ஜ் போடணும்’ என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். அது நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். சோனி 1991-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரிக்கு அது பொருந்தாது.

தம்பி கூடுதலாக இரண்டு பேட்டரி வாங்கப் போவதாகச் சொன்னான். ஒன்று போதும் என்று சொல்லியிருக்கிறேன். காத்திருக்கும்போது வெறுங்கண்ணால் புதரைப் பார்த்து, பறவை அசைந்த பிறகு கேமராவை எழுப்பிப் பழகினால் ஒரு பேட்டரி காலைப் பொழுதைத் தாண்டும். பறவையின் போக்கும் அப்போதுதான் பிடிபடும். நல்ல படத்துக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.