பெற்றோரின் பந்தியும் பிள்ளைகளின் சரீரமும்



பெற்றோர் புளித்த காயைத் தின்றதால் பிள்ளைகளின் பல் கூசியது என்னும் கருத்துள்ள பழமொழி ஒன்று எசேக்கியேல் தீர்க்கதரிசியின் நாட்களில் இஸ்ரவேலரிடையே வழங்கிற்று. அதை இனிச் சொல்லவேண்டாம் என்று 18ஆம் அதிகாரத்தில் கர்த்தர் கண்டித்தார். அம்பத்தூரிலும் ஆவடியிலும் வீட்டு ஜெபத்துக்குச் செல்லும்போது, அதே பழமொழியை நான் வேறு சொற்களில் கேட்கிறேன். "சுகர் எங்கள் குடும்ப வியாதி ஐயா, பிள்ளைகளுக்கும் வரத்தான் செய்யும்" என்கிறார்கள்.

இதில் பாதி உண்மை உண்டு. மைசூரிலுள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மிஷன் மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை ஏடுகளில் குறித்து வைக்கப்பட்டிருந்தது. அவர்களில் 517 பேரை முதிர்ந்த வயதில் ஆராய்ந்தனர். 1996இல் முடிவு வெளியாயிற்று. 2.5 கிலோ அல்லது அதற்குக் குறைவாகப் பிறந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இருதய நோய் இருந்தது. 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் அது 3 பேர் மட்டுமே. 1993இல் புனே அருகே கிராமங்களில் தொடங்கிய ஆய்வில், கீரை, பழம், பால் ஆகியவற்றை அதிகமாக உண்ட தாய்மாரின் குழந்தைகள் நல்ல வளர்ச்சியுடன் பிறந்தது தெரியவந்தது.

குறைவு மட்டுமல்ல, மிகுதியும் கேடு செய்யும். கர்ப்பகாலத்தில் தாயின் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால், அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடைகிறது. குழந்தையின் கணையம் அளவுக்கு மீறி இன்சுலின் சுரக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பிற்காலத்தில் உடற்பருமனும் நீரிழிவும் வரும் அபாயம் கூடுகிறது. மருத்துவர் வி. சேஷையாவின் குழுவினர் தமிழகத்தில் நடத்திய ஆய்வில், நகரப் பகுதியில் நூற்றுக்கு 17.8 கர்ப்பிணிகளுக்கும், கிராமப் பகுதியில் 9.9 பேருக்கும் இந்நிலை காணப்பட்டது.

இதையெல்லாம் கேட்டு, "அப்படியானால் என்னால்தானா என் பிள்ளைக்கு?" என்று கலங்கும் தாய்மாரை நான் அறிவேன். சகோதரிகளே, பாரம் உங்கள்மேல் மாத்திரம் சுமத்தப்படவில்லை. கொழுப்பு மிகுந்த தீனி தின்ற ஆண் எலிகளின் பெண் குட்டிகளுக்கு இன்சுலின் சுரப்பில் குறை நேர்ந்ததை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். தகப்பன்மாரின் தட்டும் கணக்கில் உண்டு. நியாயாதிபதிகள் 13ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கர்ப்பந்தரிக்கும் முன்பே சிம்சோனின் தாய்க்கு உணவைக் குறித்துக் கட்டளை வந்தது. மனோவாவோ அதை மனைவியின் காரியம் என்று விட்டுவிடவில்லை. பிள்ளையை எப்படி வளர்க்கவேண்டும் என்று அவனே ஜெபித்துக் கேட்டான்.

மற்றப் பாதி பொய். வியாதிக்கான சாய்வு பிறப்பிலேயே வரலாம். அதுவே தீர்ப்பு அல்ல. தாய் எலிகள் ஓடிப் பயிற்சி செய்தபோது, கொழுப்புத் தீனியால் குட்டிகளுக்கு வரும் கேடு குறைந்தது. 5 முதல் 17 வயதுள்ளோர் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் நன்றாக ஓடியாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. நம் பிள்ளைகளோ பள்ளி வேனிலிருந்து டியூஷனுக்கும், டியூஷனிலிருந்து கைப்பேசிக்கும் போகிறார்கள்.

ஆகவே சபையாராகிய நாம் சிலவற்றைச் செய்வோம். கர்ப்பிணிகள் முதல் பரிசோதனையிலேயே 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, 2 மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள். 140ஐத் தொட்டால் மருத்துவர் வழிநடத்துவார். மாமியார்மாரே, இருவருக்காகச் சாப்பிடு என்று மருமகளின் தட்டில் சோற்றைக் குவிக்காதேயுங்கள். கீரையும் பருப்பும் முட்டையும் வையுங்கள். ஷிப்ட் முடிந்து வரும் தகப்பன்மாரே, மாலையில் அரைமணி நேரமாவது பிள்ளைகளோடு நடந்துபோங்கள். ஜெபக்கூட்டத்தில் சமோசாவுக்குப் பதிலாகச் சுண்டல் வைப்போம். ஞாயிறு பள்ளி முடிந்தபின் பிள்ளைகள் வளாகத்தில் ஓடினால், சத்தம் என்று அதட்டாதிருப்போம்.

கர்த்தர் உங்கள் பந்தியையும், அதைச் சுற்றியிருக்கும் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.