கரிசலும் கானகமும் கடலும்

பயணம் செய்வோர் பலர். வழியைக் காண்போர் சிலர். புகைவண்டியில் செல்வோர் அது நிற்கும் இடத்தில்தான் நிற்க முடியும். பேருந்தில் செல்வோர்க்கு நடத்துநர் குரல் கொடுக்கும் ஊரில்தான் இறக்கம். தாமே காரை ஓட்டிச் செல்வோர்க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. விரும்பிய மரநிழலில் நிற்கலாம். அருவியின் ஓசை கேட்ட இடத்தில் தங்கலாம். ஆனால் அவ்வுரிமையோடு ஒரு பொறுப்பும் வந்து சேர்கிறது. வண்டியில் இருப்போர் உயிரும் வழியில் நடப்போர் உயிரும் ஓட்டுபவன் கைகளில் உள்ளன. இவ்விரண்டையும் உணர்ந்தவனுக்குச் சாலையே ஒரு பள்ளிக்கூடம் ஆகும்.

அத்தகைய சாலை ஒன்று எங்கள் மாவட்டத்தின் வழியே செல்கிறது. திருமங்கலத்திலிருந்து திருவில்லிபுத்தூர், இராசபாளையம், தென்காசி, செங்கோட்டை ஆகிய ஊர்களைத் தொட்டு, மலையைக் கடந்து, அரபிக் கடலோரக் கொல்லத்தை அடையும் நெடுஞ்சாலை அது. விருதுநகரிலிருந்து சிவகாசி வழியாக வந்து திருவில்லிபுத்தூரில் அச்சாலையைப் பிடித்தால், ஏறத்தாழ 220 கிலோமீட்டரில் கரிசல் நிலத்தையும் மழைக்காட்டையும் கடற்கரையையும் கண்டுவிடலாம். ஒரே பகலில் மூன்று உலகங்களைக் காட்டும் வழி இதைப்போல் வேறு சிலவே இருக்கும்.

சென்ற ஆடித் திங்களில் அவ்வழியே நான் காரை ஓட்டிச் சென்றேன். உடன் வந்தவர்கள் இருவர். ஒருவர் என் அத்தை; மற்றவன் பத்து வயது நிரம்பிய என் மகன். அத்தைக்கு வயது எழுபதை நெருங்குகிறது. சிவகாசியில் பிறந்து, சிவகாசியிலேயே வாழ்ந்தவர். எட்டு வயதில் தீப்பெட்டி ஒட்டத் தொடங்கினார். பின்னர்க் குச்சி அடுக்கினார். அதன்பின் பட்டாசுக்குத் திரி வைத்தார். எங்கள் ஊரார் ஆலை என்று சொல்லமாட்டார்கள்; 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றே சொல்வார்கள். அந்த 'ஆபீசு'க்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த கால்கள் அவருடையவை. மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவர் கண்டதில்லை.

சிவகாசியின் வரலாறு வறுமையை வென்ற வரலாறு. மழையை நம்பிய வேளாண்மை பலமுறை பொய்த்த மண் அது. 1922ஆம் ஆண்டில் அவ்வூர் இளைஞர் இருவர், அய்ய நாடாரும் சண்முக நாடாரும், கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டித் தொழில் வேர்விட்டது. பெட்டியின்மேல் ஒட்டும் வண்ணப் படத்துக்காக அச்சுத் தொழில் வளர்ந்தது. 1940க்குப் பின் பட்டாசுத் தொழில் பெருகியது. இன்று இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

இத்தனைக்கும் முதலாக நின்றது வெயில் என்றே சொல்லவேண்டும். தீக்குச்சியின் முனையில் தோய்த்த மருந்து காயவேண்டும். ஒட்டிய பெட்டி உலரவேண்டும். பட்டாசும் பரப்பி வைத்துக் காயவேண்டும். பிற நாட்டார் வெறுக்கும் வறட்சியே இங்கே தொழிலுக்குத் துணை. மழை பெய்தால் வேலை நிற்கும். இடி மின்னல் கண்டால் வெடிமருந்து அறைகளை விட்டு அனைவரும் வெளியேறவேண்டும்.

"மேகம் கறுத்தால் என் வயிறு கலங்கும், ஐயா. அன்று கூலி கிடையாது. ஊரே மழை கேட்டுச் சாமி கும்பிடும்போது, வேண்டாம் என்று மனத்துக்குள் நான் கும்பிட்டிருக்கிறேன்" என்று அத்தை சொன்னார். நான் மறுமொழி கூறவில்லை. வானம் பொழியவேண்டும் என்று வேண்டுவதே உழவர் நாட்டின் வழக்கம். பொழியக் கூடாதே என்று அஞ்சும் நிலைக்கு ஓர் உழைப்பாளி தள்ளப்பட்டால், அது அவர் குற்றம் ஆகுமா?

திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை வணங்கிவிட்டுத் தென்மேற்கே திரும்பினோம். அதுமுதல் மேற்குத் தொடர்ச்சி மலை எங்கள் வலக்கைப் பக்கமாகவே உடன் வந்தது. இம்மலையின் காட்டில் சாம்பல் நிற அணில் ஒன்று வாழ்கிறது. நம் வீட்டு முற்றத்து அணிலைவிடப் பன்மடங்கு பெரியது. அதைக் காப்பதற்கென 1988ஆம் ஆண்டில் இங்குச் சரணாலயம் அமைந்தது. 2021ஆம் ஆண்டில் இக்காடும் மேகமலைக் காடும் ஒன்றாக்கப்பட்டு, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் ஆயின.

இராசபாளையத்தின் மாந்தோப்புகளையும் புளியங்குடியின் எலுமிச்சைத் தோட்டங்களையும் கடந்து தென்காசியை அணுகியபோது காற்று மாறியது. கண்ணாடியைத் தாழ்த்தினேன். ஈரம் கலந்த குளிர்காற்று முகத்தில் அறைந்தது. வெயில் இருக்கும்போதே சாரலும் விழுந்தது. "இந்த வெயிலில் மழை எங்கிருந்து வருகிறது?" என்று மகன் கேட்டான்.

காரை ஓரமாக நிறுத்தி மலையைக் காட்டினேன். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலின் நீராவியைச் சுமந்து வருகிறது. மலை அதைத் தடுக்கிறது. தடுக்கப்பட்ட காற்று மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த நீராவி மழையாகி மேற்குச் சரிவில் கொட்டுகிறது. சுமையை இறக்கிய வண்டி போல, உலர்ந்த காற்றே கிழக்கே வந்து சேர்கிறது. ஆகவேதான் கேரளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெற, எங்கள் விருதுநகர் மாவட்டம் ஏறத்தாழ 800 மில்லிமீட்டரோடு நின்றுவிடுகிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வீசும் வடகிழக்குக் காற்றின் கொடை. ஆரியங்காவுக் கணவாயில் மலை சற்றுத் தாழ்ந்திருப்பதால், அந்த வாயில் வழியே காற்றும் சாரலும் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நுழைகின்றன. மழைக்காட்டை வளர்த்ததும் தீப்பெட்டி காயும் வெயிலைத் தந்ததும் ஒரே மலைதான் என்பதை எண்ணும்போது வியப்பு உண்டாகிறது.

குற்றாலத்தில் நீராடிவிட்டுச் செங்கோட்டையை அடைந்தோம். திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த அவ்வூர் 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு மேல் மலைப்பாதை. மலைப்பாதையில் வண்டி ஓட்டுவோர் சில நெறிகளைப் பின்பற்றவேண்டும். ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடவேண்டும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அதே கியரில்தான் இறங்கவேண்டும். தடையை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும். வளைவில் முந்துவது கூடவே கூடாது. நிதானமாகச் செல்பவனுக்கே மலை தன் அழகைக் காட்டுகிறது.

வழியில் கழுதுருட்டிக்கு அருகே பதின்மூன்று வளைவுகள் கொண்ட கற்பாலத்தைக் கண்டோம். செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே மலையைத் துளைத்து 1904ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இருப்புப்பாதை அதன்மேல் செல்கிறது. அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2018 முதல் மீண்டும் வண்டிகள் ஓடுகின்றன.

பாலருவிக்குச் செல்லும் காட்டில் அத்தை மெல்ல நடந்தார். முந்நூறு அடி உயரத்திலிருந்து, பெயருக்கு ஏற்பப் பால்போல் நீர் விழுகிறது. ஆயினும் அவர் அருவியைவிடக் காட்டையே கூர்ந்து நோக்கினார். மழைக்காடு அடுக்கடுக்காய் அமைந்த மாளிகை போன்றது. மேல் அடுக்கில் வெயிலைத் தேடி உயர்ந்த மரங்கள்; அதன்கீழ் நிழலில் வாழும் மரங்கள்; அவற்றின்கீழ்ப் புதர்கள், பிரம்புகள், கொடிகள்; தரையில் மக்கும் இலைகள். இம்மரங்கள் ஒரே பருவத்தில் இலை முழுவதையும் உதிர்ப்பதில்லை. ஆகவே ஆண்டு முழுதும் காடு பசுமையாகவே இருக்கிறது. பெய்யும் மழையை இலைகள் தாங்கித் தணித்து இறக்குகின்றன. சருகும் வேரும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சிறிது சிறிதாக ஓடைக்குக் கொடுக்கின்றன. அருகே உள்ள செந்துருணிச் சரணாலயம், இப்பகுதிக்கே உரிய செங்குறிஞ்சி மரத்தால் பெயர் பெற்றது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் பலவற்றுடன் இதுவும் 2012இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் இடம்பெற்றது.

அத்தை ஒரு பாசி படர்ந்த பாறையில் கையை வைத்தார். விரல்களின் இடையே நீர் கசிந்தது. "எங்கள் ஊரில் மழை வந்தால் எல்லோரும் வேலையை நிறுத்துவோம். இங்கே மழைதான் வேலை செய்கிறது" என்றார். பிறகு, "இந்தத் தண்ணீர் நம் பக்கம் வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். சாத்தூர் வழியே ஓடும் வைப்பாறும் இம்மலைத் தொடரின் கிழக்குச் சரிவில் பிறந்ததே. பொதிகையில் பிறந்த தாமிரபரணியின் நீரைத்தான் எங்கள் மாவட்டத்து ஊர்கள் பல குழாய்வழியே குடிக்கின்றன. வெயிலால் பிழைத்தாலும் மலையின் நீரால்தான் உயிர் வாழ்கிறோம்.

மகனுக்கு ஒரு குறை இருந்தது. நிழற்படங்களில் கண்ட எரிமலையையும் இவ்வழியில் காணலாம் என அவன் எண்ணியிருந்தான். நம் மலைகள் எரிமலைகள் அல்ல என்று விளக்கினேன். தென்பகுதிப் பாறைகள் பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்தில் உருவாகி, நெடுங்காலத்துக்குப் பின் வெளியே தெரிந்தவை. இம்மலைத் தொடரின் வடபகுதியே, ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பால் ஆனது. இன்று இந்தியாவில் உயிருள்ள எரிமலை ஒன்றே. அது அந்தமான் கடலில் பாரன் தீவில் உள்ளது. நெடுநாள் உறங்கியிருந்த அது 1991இல் மீண்டும் விழித்தது. அவன் முகம் வாடியதைக் கண்ட அத்தை, "புஸ்வாணம் கொளுத்தும்போது பார்த்திருக்கிறாயே, அதுதான் நம் ஊர் எரிமலை" என்று தேற்றினார். பையன் சிரித்தான்.

புனலூரில் 1877இல் கட்டி முடிக்கப்பட்ட தொங்குபாலத்தைப் பார்த்துவிட்டு மாலையில் கொல்லத்தை நெருங்கினோம். தேநீர்க் கடை ஒன்றில் வேலை முடிந்து திரும்பும் பெண்கள் சிலர் நின்றிருந்தனர். கொல்லம் முந்திரித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. முந்திரிக் கொட்டையை உடைத்துத் தோலுரிக்கும் பெண்கள் அவர்கள். ஓட்டில் சுரக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் இயல்புடையது. ஒருத்தியின் கறுத்த விரல்களை அத்தை கவனித்துவிட்டார். தம் விரல்களை நீட்டிக் காட்டினார். அவர் பேசியது தமிழ். அவள் பேசியது மலையாளம். ஆயினும் கூலி, பிள்ளைகளின் படிப்பு, முதுகுவலி எல்லாவற்றையும் இருவரும் தடையின்றிப் பேசினர். இறுதியில் அந்தப் பெண், தன் மகள் செவிலியர் படிப்புப் படிப்பதாகச் சொன்னாள். "இந்தக் கையோடு இந்த வேலை முடியட்டும்" என்று அத்தை வாழ்த்தினார்.

மறுநாள் காலை கடலோரமாகத் தெற்கே பரவூருக்குச் சென்றோம். அங்குள்ள புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10ஆம் நாள் விடியுமுன் நடந்த வாணவேடிக்கையில், குவித்து வைத்திருந்த வெடிகளில் தீப்பொறி விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து நாற்பது பேர் வரை இறந்த துயரத்தை எங்கள் மாவட்டத்தார் மறந்திலர். பட்டாசு பிறக்கும் நிலத்திலும் கண்ணீர்; அது வெடிக்கும் நிலத்திலும் கண்ணீர்.

அத்தை கோயிலின் முன் நெடுநேரம் கைகூப்பி நின்றார். பிறகு கடற்கரைக்கு வந்தோம். அலை அவர் கால்களை நனைத்தது. "மருந்து அறையில் நாங்கள் செருப்புப் போடமாட்டோம், உரக்கப் பேசமாட்டோம். அத்தனை பயம். கொளுத்துகிறவர்களுக்கும் அந்தப் பயம் இருக்கவேண்டும், ஐயா" என்றார்.

அச்சம் என்று அவர் சொன்னது கோழைமையை அன்று, பொறுப்பையே. நெருப்பை ஆள்வோர்க்கு அது வேண்டும். ஆலை நடத்துவோர் அதை உணர்ந்தால் ஓர் அறையில் அளவுக்கு மிஞ்சி ஆட்களையும் மருந்தையும் சேர்க்கமாட்டார்கள். கண்காணிப்போர் உணர்ந்தால் தவறுகளைக் காணாமல் கடந்து செல்லமாட்டார்கள். பண்டிகை கொண்டாடுவோர் உணர்ந்தால் ஒரு நொடி வேடிக்கைக்காகப் பிறர் உயிரைப் பணயம் வைக்கமாட்டார்கள். மலைப்பாதையில் காரை ஓட்டுபவனுக்கும் அதே பொறுப்பு உண்டு. காட்டின் மரத்தில் கோடரியை வைப்பவனுக்கும் உண்டு.

நிலத்துக்கு நிலம் தொழில் வேறு, மொழி வேறு, மழையின் அளவும் வேறு. ஆயினும் அவற்றை ஒரு மலை இணைக்கிறது. ஒரு சாலை இணைக்கிறது. உழைத்துத் தேய்ந்த விரல்களும் இணைக்கின்றன. நம் நாட்டைக் காணப் புறப்படும் இளைஞர்கள் அருவியையும் அலையையும் மட்டும் கண்டு திரும்பலாகாது. அவ்விரல்களையும் காணவேண்டும். அடுத்த தீபாவளியில் ஒரு புஸ்வாணத்தைக் கொளுத்துமுன், அதற்குத் திரி வைத்த கை யாருடையது என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பார்களானால், அவர்கள் சென்ற பயணம் பயனுடையதே.