விரல் காணும் சித்திரம்

என் மூத்த மகளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. சென்ற பொங்கலன்று அவள் தாய் இட்ட சிக்குக் கோலத்தை யாவரும் புகழ்ந்தனர். குழந்தையோ, "நான் தொட்டால் அது வெறும் மாவாகிவிடுகிறதே அப்பா!" என்றாள். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

லூயி பிரெயில் என்னும் பிரெஞ்சுக்காரர் 1829-ஆம் ஆண்டில் வெளியிட்ட எழுத்துமுறை ஆறு புள்ளிகளை அடிப்படையாகக் கொண்டது. புள்ளியால் எழுத்தைக் காட்டலாமெனில் கோலத்தைக் காட்டலாகாதோ? முதலில் ரப்பர்ப் பாலை அட்டைமீது கோடாக வார்த்தேன். உலர்ந்து மேடாயிற்று, ஆனால் அதன் நாற்றம் அவளுக்குத் தலைவலி தந்தது. (தோட்டத்துக் கிராணியின் மூக்குக்கு அது எட்டுவதேயில்லை, நேயர்களே!) பிறகு புள்ளிக்குப் புளியங்கொட்டையும், கோட்டுக்குச் சணற்கயிறும் கஞ்சிப்பசையால் ஒட்டினேன். சணல் முரடென்று கையை இழுத்துக்கொண்டாள். என் மனைவி தன் பழஞ்சேலையைக் கிழித்து மெல்லிய திரியாகத் திரித்துத் தந்தாள்.

குழந்தை விரலை ஓட்டிச் சென்று தொடங்கிய இடத்துக்கே திரும்பினாள். மறுமுறையும் ஓட்டினாள்.

"அப்பா, இந்த ஒரு புள்ளியைச் சுற்றாமல் விட்டுவிட்டீர்கள்."

குனிந்து பார்த்தேன். உண்மைதான்.